மலையைப் பார்க்காமல் நடந்தவர்

உங்களில் பாதிப் பேர் செல்போனில் தொடர் பார்த்துவிட்டுத்தான் துப்பறியும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். இல்லை என்று சொல்ல வேண்டாம். வேலை கேட்டு வந்த அன்றைக்கே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, என் எதிரில் கழற்றாமல் உட்கார்ந்திருந்த ஒருத்தரை நானே பார்த்திருக்கிறேன். இப்போது ஆபீஸை நடத்துகிறவர்கள், புதிதாக வந்தவர்களுக்கு உற்சாகம் தருகிற மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். உற்சாகம் என்னிடம் கிடையாது. நடந்த ஒன்றை எழுதுகிறேன். நான் ஓய்வு பெற்ற பிறகு நடந்தது. ஆனால் இத்தனை வருஷம் வேலை பார்த்ததில் கிடைக்காத ஒன்று அதில்தான் கிடைத்தது.

திருவண்ணாமலையில் நம் வேலை பாதி கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பானா, பெண் ஏற்கெனவே யாரையாவது கட்டிக்கொண்டாளா, அதுதான். மீதிப் பாதி ஆள் தேடுவது. நல்ல வேலையை உதறிவிட்டுக் காவி கட்டிக்கொண்ட மகன், சொல்லாமல் கிளம்பிய அப்பா, வீட்டைவிட்டு வந்துவிட்ட மனைவி. எங்கே போயிருந்தாலும் கடைசியில் மலையடிவாரத்துக்கு வந்திருப்பார்கள் என்று குடும்பத்தார் நினைக்கிறார்கள். பல தடவை அது சரியாகவும் இருக்கிறது.

போன வருஷம் வேங்கிக்காலில் என் வீட்டுக்கு ஒரு டைரக்டர் வந்தார். பிரவீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடவே திரைக்கதை எழுதும் பெண், நித்யா. ஒரு நாவலை வாங்கி வைத்திருந்தார்கள். இந்தக் காலத்துக் கதை. ஒரு தனியார் துப்பறிவாளன் காணாமல் போன பெண்ணைத் தேடி நம் ஊருக்கு வருகிறான். அதைத் தொடராக எடுக்கப் போகிறார்களாம். நான் படித்துவிட்டு எங்கெங்கே தப்பு என்று சொல்ல வேண்டும்.

படித்தேன். எழுதியவருக்குக் கை நன்றாக ஓடுகிறது, அதைச் சொல்ல வேண்டும். ஆனால் கதாநாயகன் செங்கம் ரோட்டு வெயிலில் தோல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு திரிகிறான். ஒரு தடவைகூட ஒன்றுக்குப் போக இடம் தேடவில்லை. வாசலில் காத்திருக்கும்போது அவனுக்குப் பழைய காதலி ஞாபகம் வருகிறது. எனக்கு வாசலில் காத்திருந்தால் இடுப்பு வலிதான் வந்தது. இதையெல்லாம் பிரவீனிடம் அப்படியே சொன்னேன்.

"மேடம், அதெல்லாம் ஸ்டைல்" என்றார்.

"ஸ்டைலா இருந்தா ஊரே திரும்பிப் பாக்கும். திரும்பிப் பாத்தா நம்ம வேலை அன்னிக்கே முடிஞ்சுது" என்றேன்.

நித்யா சிரித்தாள். அவள் பரவாயில்லை. கேட்டுக்கொள்கிறவள்.

நாவலின் பிற்பகுதியில் ஒரு இடம். அந்தப் பெண் கிரிவலம் போகிறாள். அவன் பின்னாலேயே போகிறான். அவள் ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தோடு அத்தியாயம் முடிந்துவிடுகிறது. புத்தகத்தில் அது போதும், படிக்கிறவர் மனசில் ரோடு தானாக விரிந்துகொள்கிறது. படத்தில் என்ன செய்வது? பிரவீன் யோசித்து வைத்திருந்தார். கதாநாயகன் எதிரில் வருகிறான். கூட்டம் விலகுகிறது. இருவர் கண்களும் சந்திக்கின்றன.

"எதிர்ல எவனும் வர மாட்டான்" என்றேன்.

"ஏன் மேடம்?"

மலை எப்போதும் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும். அப்படித்தான் சுற்றுவார்கள். நடக்கிற அத்தனை பேரும் ஒரே திசை. எதிரில் வருவது வண்டியும் மாடும்தான். எதிரில் ஒருத்தன் நடந்து வந்தால் போகிறவர்களெல்லாம் நிறுத்தி, வழி தப்பாச்சு, திரும்பு என்று சொல்வார்கள். அதனால்தான் அந்த ரோட்டில் ஆள் பின்தொடர்வது சுலபம் மாதிரி தெரியும். எல்லாருமே யாரோ ஒருத்தருக்குப் பின்னால்தான் போகிறார்கள். கஷ்டம் வேறே இடத்தில் இருக்கிறது. அவள் உட்கார்ந்துவிட்டால் நீங்கள் நிற்கக்கூடாது, தாண்டிப் போக வேண்டும். தாண்டிப் போன பிறகு திரும்பி வர முடியாது. முன்னால் எங்காவது உட்கார்ந்து, அவள் வருகிற வரைக்கும் கால் வலிக்கிற மாதிரி பிடித்துவிட்டுக்கொள்ள வேண்டும்.

பிரவீன் வாயைத் திறந்தபடி கேட்டார். எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. அந்த ரோட்டில் எத்தனையோ பேர் பின்னால் நடந்திருக்கிறேன், அது வெளியிலிருந்து பார்க்க எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கேமராவை எங்கே வைப்பீர்கள் என்று நித்யாவைக் கேட்டேன். பின்னால் வைத்தால் அவள் முதுகுதான் தெரியும். பக்கத்தில் வைத்தால் இரண்டு பேரும் நடப்பது தெரியும், மலை தெரியாது. மலைமேல் வைத்தால் எல்லாரும் எறும்பு.

"நாம யாரோட கண்ணால பாக்கறோம்னு முடிவு பண்ணணும் மேடம். அத முடிவு பண்ணா கேமரா தானா அங்க போய் நிக்கும்" என்றாள்.

டிடெக்டிவோட கண்தான், வேறே யாரோடது, என்று பிரவீன் உடனே சொன்னார். எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. தொழில் அப்படி.

ஒரு காலையில் நடந்து பார்த்துவிடலாம் என்று முடிவானது. பௌர்ணமி இல்லாத சாதாரண நாள், கூட்டம் கம்மி. நித்யா காணாமல் போன பெண். பிரவீன் துப்பறிவாளன், கையில் செல்போன், நெஞ்சோடு வைத்துப் படம் பிடித்துக்கொண்டே வர வேண்டும். ஆசிரமம் பக்கத்தில் தொடங்கி, செங்கம் ரோட்டை விட்டு வலப்பக்கம் பிரிகிற இடத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம். நானும் சலீம் பாயும் அந்தப் பிரிவில் ஆட்டோவோடு காத்திருப்போம். சலீம் பாய் குடும்பம் முழுக்க இந்த ஊரில் வியாபாரம், இவர் ஒருத்தர் மட்டும் ஆட்டோ. நான் பார்த்த கேஸ்களில் பாதியை அவர் வண்டியிலிருந்துதான் பார்த்தேன். என்னைவிட நாலைந்து வயசு சின்னவர். இந்த ஒத்திகையைக் கேட்டதும், "நிஜத்துக்கே கூப்பிட்டுட்டு இருந்தீங்க, இப்ப பொய்க்கும் கூப்பிடறீங்களேக்கா" என்றார்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் போலீஸிலிருந்து ஓய்வு பெற்ற மனுஷன். பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. துணியை வைத்து ஆளை அடையாளம் வைக்காதே, நடையை வைத்து வை என்பார். துணி கடையில் கிடைக்கும், நடை கிடைக்காது. அன்று காலை பிரவீனிடம் அதைச் சொன்னேன். தலையாட்டினார். செல்போன் பேசாதீர்கள் என்றும் சொன்னேன். அதற்கும் தலையாட்டினார்.

நான் டீக்கடைக்கு உள்ளே இருந்தேன். வெளியே வந்தபோது நித்யா மட்டும் தனியாக வந்துகொண்டிருந்தாள். கடுகு மஞ்சள் சுடிதார், தலையில் வெள்ளைத் துப்பட்டா, கழுத்து விறைப்பாக. பின்னால் யாருமில்லை.

"சார் எங்க?"

"பின்னாடி வர்றாரு இல்ல?"

"திரும்பிப் பாரு."

"திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள். காலி ரோடு. வழியில் எமலிங்கம் கோயிலுக்குள்ளே போய் விபூதி எடுத்துக்கொண்டாளாம். அப்போது சார் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தாராம், தயாரிப்பாளர் கூப்பிட்டாராம்.

சலீம் பாய் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டினார். "சார் அப்பவே நம்மளத் தாண்டிப் போயிட்டாரே. என்னைப் பாத்துக் கண்ணடிச்சாரு. முன்னாடி மஞ்சளா ஒரு சுடிதார் போச்சு, நித்யாம்மானு நினைச்சேன்."

மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். நித்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் முதலில் சிரிப்புதான். போன் போட்டோம். கட் செய்தார். மறுபடி போட்டோம், கட். படம் பிடித்துக்கொண்டிருக்கிறார், தொந்தரவு வேண்டாமாம். ஆட்டோவை எடுத்தோம்.

பிரிந்த பிறகு ரோட்டின் வலப்பக்கம் காடு. மரம் ஜாஸ்தி, காலையில் ஆள் கம்மி. சிமெண்ட் பெஞ்சுகளில் அங்கங்கே ஒரு சாமியார். தூரத்தில் பிரவீன் தெரிந்தார். போன் நெஞ்சில், முதுகு கொஞ்சம் வளைந்து, நான் சொல்லிக் கொடுத்தபடி நிதானமாகத்தான் போய்க்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் அந்தப் பெண்.

சலீம் பாய் வேகத்தைக் குறைத்தார். "அக்கா, அந்தப் பொண்ணு செருப்பக் கையில எடுத்துக்குச்சு பாருங்க."

"வெறுங்கால்ல சுத்தறது பழக்கம்தானே பாய்."

"வெறுங்கால்ல சுத்தறவங்க செருப்பப் பைல வெப்பாங்க. இது கையில இறுக்கிப் பிடிச்சிட்டிருக்கு. ஓட ரெடியா இருக்கு."

பார்த்தேன். அவர் சொன்னது சரி. அந்தப் பெண் நாலு பேர் சேர்ந்து போகிற இடத்தில் அவர்களோடு ஒட்டி நடந்தாள். அவர்கள் டீ குடிக்க ஒதுங்கியதும் தானும் நின்றாள். பிரவீன் தாண்டிப் போய் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். நான் கற்றுக்கொடுத்தது. அவள் அவரைத் தாண்டிப் போகத்தான் வேண்டும், தாண்டினாள். அவர் எழுந்தார். இதைவிடத் தெளிவாக ஒருத்தியிடம் 'உன்னைத்தான்' என்று சொல்ல முடியாது.

அவள் ஏன் யாரையாவது கூப்பிடவில்லை என்று நீங்கள் கேட்கலாம். என்ன சொல்லிக் கூப்பிடுவாள்? பின்னால் ஒருத்தர் நடந்து வருகிறார் என்றா? அந்த ரோட்டில் எல்லாருக்கும் பின்னால் ஒருத்தர் நடந்து வருகிறார்.

சாதாரணமாக ஒரு பெண் இப்படி ஆளைக் கண்டால் முறைப்பாள், திட்டுவாள், செருப்பைக் காட்டுவாள். நம் ஊர்ப் பெண்கள் வாய் உங்களுக்குத் தெரியும். இவள் ஒன்றும் செய்யவில்லை. இவள் பயம் புதுப் பயம் இல்லை. என்றைக்காவது வரும் என்று எதிர்பார்த்திருந்தது வந்துவிட்ட மாதிரி நடந்தாள். அதைக் கண்டதும் என் சிரிப்பு போய்விட்டது. அவள் யாரிடமிருந்தோ வந்து இங்கே ஒளிந்திருக்கிறவள். இன்றைக்குச் சாயந்திரமே பையைக் கட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போய்விடுவாள். எத்தனை கஷ்டப்பட்டு ஒரு ரூமும் ஒரு வேலையும் பிடித்தாளோ, அத்தனையும் ஒரு சினிமாக்காரர் ஒத்திகையில் போகும்.

"நிறுத்துங்க, நான் இறங்கிப் போய்ச் சொல்லிடறேன்" என்றாள் நித்யா.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நல்ல எண்ணத்தோடு செய்கிற முதல் காரியம் பெரும்பாலும் தப்பாக இருக்கும். பயந்து நடக்கிற ஒருத்தி பக்கத்தில் ஆட்டோ வந்து நின்று, மூன்று பேர் இறங்கினால் அவள் என்ன நினைப்பாள்? தூக்கிக்கொண்டு போக வந்திருக்கிறார்கள் என்றுதான். பின்னாலிருந்து கூப்பிட்டால் காட்டுக்குள் ஓடுவாள். போலீஸுக்குச் சொன்னால், அவள் பேரும் விலாசமும் ஒரு காகிதத்தில் ஏறும். அவளுக்கு வேண்டாத விஷயமே அதுதான்.

நித்யாவைப் பின்னாலேயே இறக்கிவிட்டேன். "போய் அந்த ஆளை நிறுத்து. ஓடாத. கத்தாத. நின்ன இடத்துலயே உக்கார வை." சலீம் பாயிடம், ரோட்டின் அந்தப் பக்க ஓரமாகவே போங்கள், அவளைத் தாண்டும்போது பிரேக்கில் கால் வைக்காதீர்கள், அவள் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் போங்கள் என்றேன். நானும் அவளைப் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டு போனேன். வளைவு தாண்டி இறங்கினேன். பாய் அங்கேயே இருந்துகொண்டார். நான் திரும்பி, எதிர்த் திசையில் நடந்தேன்.

பின்தொடர்கிறவர்கள் யாரும் எதிரில் வர மாட்டார்கள். ஒரு கிழவி தனியாக, வெறுங்கையோடு, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி வந்தால் பயம் கொஞ்சம் குறையும் என்று கணக்குப் போட்டேன். வேறே கணக்கு போட நேரமில்லை.

வழியில் ஒரு வயசான தம்பதி நிறுத்தினார்கள். "ஏம்மா, எதிர்ல வரக் கூடாதும்மா. மலை இந்தாண்ட இருக்கணும்."

"ஒரு சாமானை விட்டுட்டேங்க" என்றேன்.

"அப்ப சுத்தி முடிச்சிட்டுத்தான் வந்து எடுக்கணும்" என்றார் அந்த ஆள், என்னமோ சட்டம் எழுதினவர் மாதிரி. அவர்கள் திட்டியது நல்லதாகப் போயிற்று. சத்தம் கேட்டு அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டாள்.

அவளுக்கு ஒரு பத்தடி முன்னாலேயே நின்றேன். கை இரண்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன்.

"உன் பின்னாடி வந்தவரு எனக்குத் தெரிஞ்சவரும்மா. ஆள் மாறிப்போச்சு. வேற ஒரு பொண்ணுன்னு நினைச்சு உன் பின்னாடி வந்துட்டாரு. திரும்பிப் பாரு, உக்கார வெச்சிருக்கோம். இனிமே வர மாட்டாரு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"அவர் அனுப்பினாரா?"

எவர் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தையில் முழுக் கேஸும் இருந்தது. எனக்கு அதற்கு மேல் தெரிய வேண்டியதும் இல்லை.

"யாரும் அனுப்பல. சினிமாவுக்கு ஒத்திகை பாத்துட்டு இருந்தோம்."

சொல்லும்போதே எனக்குக் கேவலமாக இருந்தது. இந்த உலகத்தில் இதைவிடப் பொய் மாதிரி இருக்கிற உண்மை கிடையாது.

"சினிமா" என்றாள். சிரிக்கவில்லை.

"ஆமா. நான் துப்பறியற வேலைல இருந்தவ. இப்ப இல்ல. உன்னைப் பின்தொடரச் சொல்லி யாராவது அனுப்பியிருந்தா நான் எதுக்கு எதிர்ல வந்து சொல்றேன்?"

"நான் நம்பறதுக்காக."

சரியாகத்தான் சொன்னாள். நானாக இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன்.

"உனக்கு என்ன செஞ்சா நம்பிக்கை வரும், சொல்லு."

"அந்த ஆளோட போன் வேணும். லாக் எடுத்துட்டுக் குடுக்கணும். என் கைல."

பிரவீனை வரச் சொல்லிக் கையாட்டினேன். வந்தார். முகம் வெளுத்திருந்தது, கூடவே வந்த நித்யா எல்லாம் சொல்லியிருக்கிறாள். போனைக் கேட்டதும் தயங்கினார். "மேடம், அதுல பத்து நாள் லொகேஷன் பாத்தது எல்லாம் இருக்கு. நானே அழிச்சுக் காட்டறேனே."

"குடுங்க" என்றேன்.

"இல்ல மேடம், தெரியாம எதையாவது…"

"யோவ், குடுய்யா."

கொடுத்தார். அவள் அந்த வீடியோவைத் திறந்தாள். அழிப்பாள் என்று பார்த்தேன், உடனே அழிக்கவில்லை. ரோட்டோரம் பெஞ்சில் உட்கார்ந்து முழுசாகப் பார்த்தாள். நாங்கள் மூன்று பேரும் அடி வாங்கக் காத்திருக்கிற பிள்ளைகள் மாதிரி நின்றோம். ஓர் இடத்தில் நிறுத்தி, பெரிசாக்கிப் பார்த்தாள்.

"என் முதுக நான் பாத்ததே இல்ல" என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

பிறகு அழித்தாள். அழித்தவை சேர்ந்து கிடக்கிற இடத்துக்கும் போய் அங்கேயும் அழித்தாள். அதைச் செய்யத் தெரிந்த விதத்தைப் பார்த்தால், வீட்டில் இதற்கு முன்னாலும் போனில் இருப்பதை இப்படி அழித்தவள் என்று தெரிந்தது. போனைப் பிரவீன் கையில் கொடுக்கவில்லை, பெஞ்சின் மேல் வைத்தாள்.

"சார், நீங்க எமலிங்கத்துலேர்ந்து வர்றீங்க."

"ஆமாங்க. சாரிங்க."

"அப்பவே தெரியும். இங்க நடக்கறவங்க எல்லாரும் அப்பப்ப வலது பக்கம் திரும்பி மலையப் பாப்பாங்க. சாமி கும்பிடாதவங்ககூடப் பாப்பாங்க, அவ்ளோ பெருசா இருக்குது. நீங்க ஒரு தடவகூடப் பாக்கல."

எனக்குப் பிடரியில் அடித்த மாதிரி இருந்தது. நான் மலையைப் பார்த்துக்கொண்டுதான் நடப்பேன், ஆனால் பின்தொடரப்படுகிறவள் அதைக் கவனிக்கிறாள் என்று நினைத்ததில்லை. நம் தொழிலில் நாம்தான் பார்க்கிறவர்கள், அவர்கள் பார்க்கப்படுகிறவர்கள் என்று ஒரு நினைப்பு. முதுகுக்குக் கண் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

"அது என்ன கதை?" என்று கேட்டாள்.

பிரவீன் சொன்னார். கொஞ்சம் திக்கித் திக்கி. ஒரு பெண் சென்னையிலிருந்து காணாமல் போகிறாள். வீட்டார் துப்பறிவாளனிடம் வருகிறார்கள். அவன் இந்த ஊருக்கு வந்து, ஆசிரமம் பக்கத்தில் வாடகை ரூம்களில் தேடி, கிரிவலத்தில் அவளைக் கண்டுபிடிக்கிறான். போன் பண்ணுகிறான். வீட்டார் வருகிறார்கள். அவன் கூட்டத்துக்குள் நடந்து மறைகிறான்.

"அப்புறம்?"

"அவ்ளோதாங்க. முடிஞ்சுது."

"அவளுக்கு என்ன ஆச்சு?"

"அது… கதை டிடெக்டிவோடது இல்லீங்களா."

"புக்கு எத்தனை பேரு படிப்பாங்க? அது பரவால்ல. நீங்க எடுக்கறத எங்க வீட்டு ஹால்ல உக்காந்து பாப்பாங்க. காணாமப் போன பொம்பளைய எங்க தேடணும், எந்த ரோட்டுல, எந்த மாதிரி ரூம்ல, எல்லாம் காட்டிக் குடுத்துருவீங்க. பாத்து முடிச்சதும் வண்டிய எடுத்துட்டு வந்துருவாங்க."

பிரவீன் பெஞ்சிலிருந்த போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். நித்யா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க டிடெக்டிவ்னு சொன்னீங்களே. எங்க வீட்டுல இருந்து உங்ககிட்ட வந்திருந்தா, என்னை எப்படிப் பிடிப்பீங்க?"

தொழிலில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். தேடப்படுகிறவள் இதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. மற்ற இருவரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒளிக்காமல் சொன்னேன். உன் பேரும் ஊரும் எனக்கு வேண்டாம், சொல்லாதே என்று முதலில் சொன்னேன். பிள்ளை இருந்தால் பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழ் எந்த ஊருக்குப் போயிற்று என்று விசாரிப்பேன். நீ யாரோ ஒரு தோழியிடம் மட்டும் பேசிக்கொண்டிருப்பாய், அந்தத் தோழியைத் தேடுவேன். பழைய நம்பரை ஒரே ஒரு தடவை ஏதோ ஓ.டி.பி.க்காகப் போட்டிருப்பாய், அதுவும் போதும். அதெல்லாம் கிடைக்கவில்லை என்றால் இந்த ரோட்டில் வந்து உட்காருவேன். ஏனென்றால் உன்னை மாதிரி வருகிறவர்கள் வாரத்துக்கு ஒரு நாள், அதே நாள், அதே நேரம் சுற்றுவார்கள்.

"செவ்வாக்கிழமதான் வருவேன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"இப்ப நீதான் சொன்ன."

முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். நாலைந்து வயசு குறைந்த மாதிரி இருந்தது முகம்.

"மத்தது எல்லாம் சரி பண்ணிடறேன். மலை சுத்தறத விட மாட்டேன்" என்றாள். "அங்க இருந்தப்ப வாசலத் தாண்ட விடல. இங்க வந்துதான் நடக்கறேன்."

விட வேண்டாம் என்றேன். கிழமையை மாற்று, நேரத்தை மாற்று, துணிக்கு ஏற்ற துப்பட்டா போடாதே என்றேன். எழுந்தாள். செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டு, ஆட்டோ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மிச்ச தூரத்தையும் நடந்தே போனாள்.

திரும்பும்போது ஆட்டோவில் சலீம் பாய் கேட்டார். "சார், உங்க படத்துல ஆட்டோக்காரன் வர்றானா?"

"வர்றாருங்க."

"அவன் என்ன செய்யறான்?"

"ஹீரோவுக்குத் தகவல் குடுக்கறாரு."

"ஆமாமா. எல்லாப் படத்துலயும் நாங்க அதான் செய்யறோம்" என்று ஹாரன் அடித்தார்.

அப்புறம் பல நாள் நித்யா போனில் பேசினாள். அந்த இடத்தை வேறே மாதிரி எழுதிப் பார்க்கிறாளாம். கேமரா அந்தப் பெண்ணுக்கு முன்னால் போகிறது, அவள் முகத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நகர்கிறது. பின்னால் வருகிற ஆள் தெளிவாகவே தெரிவதில்லை, ஒரு மங்கல்தான். அவள் எப்போது மலையைப் பார்க்கிறாள், எப்போது மலையைப் பார்க்கிற மாதிரி பின்னால் பார்க்கிறாள், அதுதான் காட்சி. யாருடைய கண்ணால் பார்ப்பது என்று நித்யா அன்றைக்குக் கேட்டதற்குப் பதில் நாவலில் இல்லை, என்னிடத்திலும் இருந்ததில்லை. கடைசிக் காட்சியையும் மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். துப்பறிவாளன் கண்டுபிடித்துவிட்டு, போன் பண்ணாமல் திரும்பிப் போகிறான். ஊரையும் காட்டப் போவதில்லை, ஏதோ ஒரு மலை, ஏதோ ஒரு ரோடு. பிரவீன் ஒத்துக்கொண்டாராம். தயாரிப்பாளர்தான், கதாநாயகன் முகம் தெரியாத காட்சிக்கு நான் எதற்குச் செலவு பண்ண வேண்டும், கண்டுபிடிக்காத டிடெக்டிவ் என்ன டிடெக்டிவ் என்கிறாராம். என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. எடுத்தால் பார்க்க ஆசையாக இருக்கிறது.

இனி உங்கள் விஷயம். கண்டுபிடிக்காத டிடெக்டிவ் என்ன டிடெக்டிவ் என்று உங்களில் சிலரும் நினைப்பீர்கள். கண்டுபிடியுங்கள். அதற்குத்தான் சம்பளம். ஆனால் கண்டுபிடித்ததும் முதல் தகவல் பணம் கொடுத்தவனுக்குப் போகக்கூடாது. வயசுக்கு வந்த ஆள் என்றால், முதலில் அவரிடமே போய், உங்களைத் தேடுகிறார்கள், சொல்லட்டுமா வேண்டாமா என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால், உயிரோடு நலமாக இருக்கிறார், உங்களைப் பார்க்க விருப்பமில்லை என்று மட்டும் சொல்லுங்கள். எந்த ஊர் என்றுகூடச் சொல்லாதீர்கள். இதை ஆபீஸில் வேலைக்குச் சேரும் அன்றே சொல்லியிருப்பார்கள். நீங்கள் தலையாட்டியிருப்பீர்கள். தலையாட்டுகிறவர்களை நான் நம்புவதில்லை, அதனால்தான் இத்தனை நீளமாக எழுதினேன்.

அந்தப் பெண் இப்போது இந்த ஊரில் இருக்கிறாளா, போய்விட்டாளா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். இங்கே அவளைப் பற்றி எழுதியதில் பாதி மாற்றி எழுதியது. கிழமை அது இல்லை. துணியின் நிறம் அது இல்லை. பிள்ளை உண்டா இல்லையா என்று நான் சொல்லவே இல்லை, திரும்பப் படித்துப் பாருங்கள்.

ஒரு நாள் ஒருத்தர் உங்கள் ஆபீஸுக்கு வருவார். நன்றாக உடுத்தியிருப்பார். மரியாதையாகப் பேசுவார். மனைவியைக் காணோம், சாப்பாடு இறங்கவில்லை என்று அழுவார், அந்த அழுகை நிஜமாகவே இருக்கும். ஒரு போட்டோவை மேஜைமேல் வைப்பார். அது இவளா என்று உங்களுக்குத் தெரியப் போவதில்லை. தெரியக்கூடாது என்றுதான் இப்படி எழுதினேன். வருகிற ஒவ்வொரு போட்டோவையும் இவள் என்றே நினைத்துக் கையில் எடுங்கள்.